வெள்ளை எங்கே போச்சு?

பிப்ரவரி 14 வந்தால் பெரியவர்களுக்கு ஆயிரம் அபிப்பிராயம். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளுக்கு ஒரே வேலைதான்: பாட்டி, அப்பா, வாட்ச்மேன் தாத்தா, மாடி வீட்டு நாய் என்று எல்லோருக்கும் இதய வடிவ அட்டை. ஆண்டர்சன் தெருவில் வாங்கிய சிவப்பு சார்ட், ஜிகினா, ஃபெவிகால் என்று பெரம்பூர் வீட்டு ஹாலில் கடை பரப்பிவிட்டாள். இதயத்தின் ஓரத்தில் பசையால் கோடு இழுத்தவள் முகம் வாடிவிட்டது. சிவப்பு மேல் வெள்ளைக் கோடு அசிங்கமாம். "காயட்டும், போயிடும்" என்றேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து கேட்டாள்: "மாமா, வெள்ளை எங்கே போச்சு?"

பசை ஒட்டுவதும் அட்டை வளைவதும் எளிய சங்கதிகள். பசை காகித நாருக்குள் இறங்கி இறுகுகிறது. நார் தண்ணீரைக் குடித்து ஊதுவதால் அட்டை வளைகிறது. அவள் கேட்டதுதான் அருமையான கேள்வி.

காய்ந்ததும் கண்ணாடி போல் தெளியும் பசையில் வெள்ளைச் சாயம் இருக்க முடியாது. இருப்பது பாலிவினைல் அசிட்டேட், 1912இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடித்த பிளாஸ்டிக். அது தண்ணீரில் கரைவதில்லை. ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணிகளாக மிதக்கிறது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு அது 1.33, மணிக்குச் சுமார் 1.47. ஒரு மணிக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் ஒளி கொஞ்சம் திசை மாறும். துளிப் பசையில் கோடிக்கணக்கான மணிகள். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டத்தில் மாட்டியவன் போல ஒளி இடித்து இடித்து, வந்த வழியே வெளியேறுகிறது. எல்லா நிறமும் ஒன்றாகத் திரும்பி வருவதால் வெள்ளை. பால் வெள்ளையாக இருப்பதும் இதே கதைதான்.

சரி, தண்ணீர் ஆவியாகிறது. மணிகள் நெருங்குகின்றன. இடுக்குகளில் மிஞ்சிய தண்ணீர், ஈர மணலைப் பிடித்துவைப்பது போல, மணிகளை இறுக்கி இழுக்கிறது. மணிகள் மென்மையானவை என்பதால் டப்பாவில் நெருக்கி அடைத்த கொழுக்கட்டை மாவு உருண்டைகளைப் போல நசுங்கி, இடைவெளியே இல்லாமல் பொருந்திவிடுகின்றன. அப்புறம் நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு மணியின் நீண்ட மூலக்கூறு இழைகள் எல்லை தாண்டிப் பக்கத்து மணிக்குள் நுழைந்து, இடியாப்பச் சிக்கலாகப் பின்னிக்கொள்கின்றன. எது எந்த மணி என்றே தெரியாது. எல்லை அழிந்ததும் ஒளிக்கு இடிக்க ஒன்றுமில்லை. நேராகப் போய்ச் சிவப்பு சார்ட்டைத் தொட்டுத் திரும்புகிறது.

பஜ்ஜி வைத்த பேப்பரில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆவதும் இதே தர்க்கம்தான். நாருக்கும் காற்றுக்கும் இடையே இருந்த எல்லைகளை எண்ணெய் நிரப்பி மழுக்கிவிடுகிறது.

இந்தத் தெளிவுக்கு மணி மென்மையாக இருந்தே ஆகவேண்டும். கடுங்குளிரில் மணிகள் விறைத்து ஒன்றோடொன்று சேராமல் நின்றுவிட்டால் பசை சாக்பீஸ் பொடி போலக் காயும். சென்னையில் அந்தக் கவலை இல்லை. நமக்குக் கடற்காற்றின் ஈரம்தான் தொல்லை. தண்ணீர் கிளம்பவே யோசிக்கும். குழந்தைகள் கொட்டும் தடித்த துளியில் மேலே ஆடை கட்டிக்கொண்டு நடுவே மட்டும் நெடுநேரம் வெள்ளை நிற்கும்.

ஒளிச் சிதறல் என்றதும் விஞ்ஞானி சி.வி. ராமன் நினைவுக்கு வருகிறார். நம் மாநிலக் கல்லூரியில் படித்தவர். 1928 பிப்ரவரி 28இல் அவர் கண்டது வேறு வகைச் சிதறல். அதில் ஒளியின் நிறமே சற்று மாறும், பசையில் திசை மட்டும்தான். அந்தத் தேதியைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். நான் படித்த பள்ளியில் அன்று மேடை, பொன்னாடை, பேச்சுப்போட்டி எல்லாம் உண்டு. ஆய்வுக்கூடம் மட்டும் பூட்டியிருக்கும். பொன்னாடைக் காசில் வகுப்புக்கு ஒரு டப்பா பசையும் ஒரு பூதக்கண்ணாடியும் வாங்கியிருக்கலாம்.

பாட்டிக்கான அட்டை இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நேற்று தண்ணீர் பாட்டில் சிந்தி, இதயத்தின் கீழ் நுனியில் பசை மறுபடி வெளுத்துவிட்டது. மணிகளின் பழைய எல்லைகளில் தண்ணீர் திரும்பப் புகுந்திருக்கும். பாட்டிதான் பதறினாள். இவள் அட்டையை எடுத்துத் தரையில் வைத்து, ஃபேனை ஐந்தில் திருப்பிவிட்டு, கன்னத்தில் கைவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.