குதிநாண்: அறுந்தது நரம்பு அல்ல

பந்தை எடுக்கப் பாய்ந்தவருக்குப் பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல இருக்கும். திரும்பினால் ஆள் இருக்காது. 'குதிகால் நரம்பு அறுந்துவிட்டது' என்பார்கள். அறுந்தது நரம்பு அல்ல, கெண்டைக்கால் தசைகளைக் குதியெலும்போடு கட்டும் அக்கிலிஸ் தசைநாண்.

கிரேக்க வீரனின் பெயரை இதற்கு வைத்தவர் ஃபிளெமிஷ் உடற்கூற்றியலாளர் ஃபிலிப் வெர்ஹேயன். 1693இல் வந்த தம் நூலில் 'கோர்டா அக்கிலிஸ்' என்றார்; கோர்டா என்றால் நாண், கயிறு. தசைநாணுக்கான ஆங்கிலச் சொல் 'டெண்டன்' என்பதற்கும் இழுத்து நீட்டுதலே வேர்ப்பொருள். முறையான இலத்தீன் பெயர் 'டெண்டோ கல்கேனியஸ்', அதாவது குதியெலும்பின் நாண். ஆகவே குதிநாண் என்பதே பொருத்தமான தமிழ். 'தசைநார்' என்பதைச் சிலர் எலும்பை எலும்போடு கட்டும் லிகமெண்டுக்கும் ஆள்வதால் குழப்பம் வரும்.

'நரம்பு' என்ற வழக்குக்கும் பழைய நியாயம் உண்டு. யாழில் மீட்டியது நரம்புதான். கிரேக்க 'நியூரோன்' கூட முதலில் நாணையே குறித்தது. ஆனால் குதிநாணை ஒட்டியே உண்மையான நரம்பு ஒன்று ஓடுகிறது: சூரல் நரம்பு. குதியெலும்புக்கு ஏறத்தாழ 10 செ.மீ. மேலே நாணின் வெளிவிளிம்பைக் கடந்து, பாதத்தின் வெளிப்புறத்துக்கு உணர்ச்சி தருகிறது. அறுந்த நாணை அறுவைச் சிகிச்சையில் எப்படித் தைப்பது என்ற விவாதமே இந்த நரம்பையும் மேல்தோலையும் சுற்றித்தான்.

திறந்த முறையில் நடுக்கோட்டுக்குச் சற்று உட்புறமாக நீளக் கீறுகிறார்கள், வெளிப்புற நரம்பைத் தவிர்க்க. தேங்காய்நார்போலப் பிரிந்த முனைகளைப் பார்த்தே பூட்டுத் தையலிட்டு, இழுவையைச் சரிபார்க்கலாம். தளர்வாகக் கூடினால் நாண் நீண்டுவிடும். நுனிக்காலில் எழும்ப வலு இராது. ஆனால் அங்கே தோல் மெல்லியது, இரத்தவோட்டமும் குறைவு. காயம் பிரியலாம், சீழ் பிடிக்கலாம்; புகைபிடிப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த அபாயம் கூடுதல்.

1977இல் மா, கிரிஃபித் என்ற மருத்துவர்கள் விவரித்த துளைவழித் தையலில் காயம் சிறிது. ஊசி போகும் வழி தெரியாததால் சூரல் நரம்பு தையலில் சிக்கலாம். சிறுகீறல் முறை இரண்டுக்கும் நடு: நாணுறைக்குள் கருவியைச் செலுத்தித் தைப்பதால் நரம்பு வெளியே தங்க வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை.

2022இல் வெளியான நார்வே ஆய்வில் 526 பேர். திறந்த முறை, சிறுகீறல் இரண்டிலும் மறுபடி அறுந்தது 0.6 விழுக்காடு, அறுவையில்லாச் சிகிச்சையில் 6.2. நரம்புக் காயமோ சிறுகீறலில் 9 பேருக்கு, திறந்த முறையில் 5 பேருக்கு, அறுவை செய்யாதோரில் ஒருவருக்கு.

ஒப்புதல் தாளில் 'நரம்பு பாதிக்கப்படலாம்' என்று இருந்தால், 'அதுதான் ஏற்கெனவே அறுந்துவிட்டதே' என்று கையெழுத்திட்டுவிடக் கூடாது. அங்கே சொல்லும் நரம்பு வேறு.