ஸ்கேனுக்கு வரும் கினிப்பன்றியைப் பட்டினி போடாதீர்கள்

மறுபடியும் அதே கதை. வேலந்தாவளம் பக்கமிருந்து நிறைசினைக் கினிப்பன்றி ஒன்றை பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொண்டுவந்தார்கள். "நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணும் கொடுக்கல டாக்டர், வெறும் வயித்தோடதான் வந்திருக்கோம்" என்று அந்த அம்மா பொறுப்பாகச் சொன்னார். காது சில்லிட்டிருந்தது. டப்பாவின் மூலையில் மூத்திரம் தண்ணீராய்த் தெளிந்து கிடந்தது. கினிப்பன்றிக்கு அது கலங்கலாகத்தான் இருக்க வேண்டும். ஸ்கேனில் மூன்று குட்டிகள், துடிப்பு இரண்டுக்குத்தான். குளுக்கோஸ் ஏற்றி, ஊட்டிவிட்டு, என்னென்னவோ செய்தும் மறுநாள் தாயும் போய்விட்டது.

நமக்கு வயிற்று ஸ்கேன் என்றால் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள், நாய்க்கும் சில சமயம் சொல்வோம். சரி, அதை ஏன் முயலுக்கும் கினிப்பன்றிக்கும் செய்கிறீர்கள்? இவற்றுக்கு வாந்தியே வராது. குடல் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய உடம்பு, தீனி நின்றால் குடலும் நின்றுவிடும். அதிலும் சினையின் கடைசி நாட்களில், கொஞ்சம் கொழுத்த பிராணியாக இருந்தால், பட்டினி கிடந்ததும் உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேரும், ரத்தம் அமிலமாகும், அதற்குமேல் மீட்பது ரொம்பக் கஷ்டம். இவ்வளவுக்கும் பட்டினி போட்டதால் படம் தெளிவாகவும் வரப்போவதில்லை, ஏனென்றால் பெருங்குடலின் முதல் பை ஒருநாளும் காலியாகாது. புல்லும் கீரையும் தின்றுகொண்டே வரட்டும்.

முயலுக்கு இணைசேர்ந்த பத்துப் பன்னிரண்டு நாளில் ஸ்கேன் பார்க்கலாம், 30 முதல் 32 நாளில் குட்டி போட்டுவிடும். கினிப்பன்றிக்குச் சினைக்காலம் 59 முதல் 72 நாள், இணைசேர்ந்து மூன்று வாரம் கழித்து ஸ்கேனுக்கு வந்தால் போதும். சுகர் கிளைடருக்கு (கங்காரு மாதிரி வயிற்றில் பையுள்ள, அணில் அளவுச் சின்னப் பிராணி) ஸ்கேன் கேட்டு வருகிறவர்களுக்கு: சினைக்காலமே 16 நாள்தான், அப்புறம் குட்டி தாயின் பைக்குள் ஏறிவிடும். பையைக் கவனியுங்கள், அதுவும் கை விட்டுப் பார்க்காமல்.

எத்தனை குட்டி என்று ஸ்கேனில் அடித்துச் சொல்ல முடியாது. எண்ணிக்கைக்குக் கடைசி நாட்களில் எக்ஸ்ரேதான் சரி, குட்டிகளுக்கு உயிர் இருக்கிறதா என்பதற்குத்தான் ஸ்கேன்.

இன்னொன்று. பெண் கினிப்பன்றிக்கு ஏழெட்டு மாதத்துக்குள் முதல் ஈற்று ஆகாவிட்டால் இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிவிடும், பிறகு குட்டி வெளியே வர வழியில்லை. ஒரு வயதைத் தாண்டியதை ஆணோடு விட்டுவிட்டு, முக்கிக்கொண்டு கிடக்கும்போது ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன் செய்தால் நான் என்ன செய்ய? ஆபரேஷனுக்கு திருச்சூர் பக்கம் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டும், இந்தச் சின்ன உடம்பு அதுவரை தாங்க வேண்டுமே.

ஈற்றுக்கு முன்பே ஆணைத் தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள், குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடித்துவிடும். வரும்போது வழக்கமான தீனியில் ஒரு பிடி எடுத்துவாருங்கள், ஸ்கேன் முடிந்து ஜெல்லைத் துடைத்த கையோடு கொடுத்துவிடலாம். ஒருவேளை வீட்டில் தின்னாமல் முகத்தைத் திருப்பினால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கொண்டுவந்துவிடுங்கள்.