கண்ணை மூடினால் எழும் அலை: மூன்று நாள் மூளை ஹாக்கத்தான் எப்படி நடக்கிறது

கண்ணைத் திறந்து வைத்திருப்பவரின் பிடரியில் ஒட்டிய மின்வாய், ஒழுங்கில்லாமல் குலுங்கும் ஒரு கோட்டைக் காட்டும். அவர் கண்ணை மூடிய ஓரிரு செக்கனில் அந்தக் கோடு சீராகி, செக்கனுக்கு ஏறக்குறையப் பத்துத் தடவை ஏறி இறங்கத் தொடங்கும். ஜேர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பேர்கர் 1924இல் முதன்முதலாக மனித மூளையின் மின்னலையைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். அல்பா அலை என்று பெயர் வைத்தவரும் அவரே. அதன் அதிர்வெண் 8 முதல் 12 ஹேர்ட்ஸ் வரை. உயரம் சில பத்து மைக்ரோவோல்ற்தான். ஒரு டோர்ச் பற்றரியின் 1.5 வோல்ற்றைப் பல்லாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு அவ்வளவு வரும்.

நரம்பியல் ஹாக்கத்தானுக்கு, அதாவது சில நாட்கள் ஒன்றாக இருந்து நிரல் எழுதி ஒரு கேள்விக்கு விடை தேடும் கூட்டத்துக்கு, வரும் மாணவர் குழுவுக்கு முதல் வேலையாக இந்தப் பழைய அலையைத் திரும்பத் தேடிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். விடை தெரிந்த கேள்விதானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். விடை தெரிந்ததால்தான் அது பயன்படுகிறது. தெரியாத ஒன்றைத் தேடும்போது நிரலில் பிழை இருந்தால், அந்தப் பிழையே கண்டுபிடிப்பு மாதிரித் தோற்றமளிக்கும். அல்பா வரவேண்டிய இடத்தில் வராவிட்டால் மூளையைக் குற்றம் சொல்ல முடியாது.

ஹாக்கத்தான் என்றதும் பரிசு, நடுவர், விடிய விடிய விழிப்பு என்று பலர் நினைப்பதுண்டு. மூளை ஆய்வாளர்களின் ஹாக்கத்தான்களில் போட்டி குறைவு. 2012இல் லைப்சிக் நகரில் தொடங்கிய பிரெய்ன்ஹாக் அதற்கு நல்ல உதாரணம். முதல் நாள் காலை, யோசனை உள்ள எவரும் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் பேசுவார். கேட்டவர்கள் பிடித்த யோசனையைச் சுற்றிக் குழுவாவார்கள். கடைசி நாள் எல்லோரும் எல்லோருக்கும் காட்டுவார்கள். இந்த அமைப்பில் ஒரே ஒரு பலவீனம் உண்டு: பேச்சு வல்லவரின் பெரிய யோசனைக்குப் பத்துப் பேர் போய்ச் சேருவார்கள், மூன்றாம் நாள் அவர்களிடம் கோப்புறைகள் மட்டும் இருக்கும். அதற்கு ஒரு எளிய வடிகட்டி இருக்கிறது. யோசனை சொல்பவர், கடைசியில் காட்டப்போகும் வரைபின் வெற்று அச்சுகளை ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும். கிடை அச்சில் என்ன, நிலை அச்சில் என்ன என்று எழுத முடியாத கேள்வி மூன்று நாளில் முடியாது.

ஒரு குழுவுக்கு நான்கு அல்லது ஐந்து பேர் போதும். ஆறாவது ஆள் பார்வையாளராகிவிடுவார். யாழ்ப்பாணத்தில் இதற்கு வேண்டிய ஆட்கள் மூன்று இடத்தில் பிரிந்து இருக்கிறார்கள்: பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் கணினி விஞ்ஞானத் துறையும் திருநெல்வேலிப் பக்கம், பொறியியல் பீடம் 60 கிலோமீற்றருக்கு அப்பால் கிளிநொச்சி அறிவியல் நகரில். ஒவ்வொரு குழுவிலும் ஒரு மருத்துவ மாணவரும், மின்சைகையிலிருந்து வேண்டாததை வடிகட்டத் தெரிந்த ஒரு பொறியியல் மாணவரும், பைதன் என்ற நிரல்மொழியில் எழுதும் ஒருவரும் இருந்தால் போதும். நண்பர் கூட்டமாக வந்தவர்களைக் கலைத்து உட்கார வைப்பது கொஞ்சம் சங்கடமான வேலைதான். ஆனாலும் ஐந்து நிரலாளர் சேர்ந்த குழு, இமை வெட்டியதை வலிப்பு என்று எழுதி வைக்கும்.

நாள் குறிக்கும்போது நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் விட்டுவிடுங்கள். ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை மழையும் இடியும், அதோடு மின்வெட்டும். மண்டபத்துக்கு வேண்டியது குளிரூட்டியைவிட முதலில் செருகுபலகைகள்: 40 பேருக்கு 40 செருகு இடம், ஆறு ஏழு பலகைகளாகப் பிரித்து, ஒன்றில் ஒன்றைத் தொடராமல். றோல்ஸ், வடை, பிளேன்டீ எல்லாம் எப்படியும் வந்து சேரும்.

இணையத்தை நம்புவதுதான் வழமையான முதல் சறுக்கல். மூளை அலை ஆய்வுக்கான எம்என்இ என்ற இலவசப் பைதன் நூலகமும் அதன் துணைப் பொதிகளும் ஆளுக்கு 500 மெகாபைற் என்று வைத்தாலும், 40 பேருக்கு 20 கிகாபைற் ஒரே காலையில் ஒரே ரவுட்டரால் இறங்க வேண்டும். அரை நாள் போய்விடும். பொதிகளை முன்கூட்டியே ஒரு தடவை இறக்கிப் பென்ட்ரைவில் வைத்தால் இணையமின்றியே நிறுவலாம். ஆனால் விண்டோஸுக்கு இறக்கிய பொதி மக் கணினியில் ஏறாது, பைதனின் ஒரு பதிப்புக்கு இறக்கியது அடுத்த பதிப்புக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே இரண்டு வாரம் முன்னரே எல்லோருக்கும் ஒரே பைதன் பதிப்பைச் சொல்லி, பத்து வரிச் சோதனை நிரல் ஒன்றை அனுப்பி, அது வரையும் படத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். படம் அனுப்பாதவர்களுக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னால் போதும்.

தரவுக்கு ஃபிசியோநெற் என்ற இணையக் களஞ்சியத்தில் உள்ள, அசைவின்போதும் அசைவதாகக் கற்பனை செய்யும்போதும் பதிந்த மூளை அலைத் தொகுப்பு நல்ல தெரிவு. 109 பேர், 64 மின்வாய்கள், செக்கனுக்கு 160 மாதிரிகள், அதாவது அளவீடுகள். ஒவ்வொருவருக்கும் 14 ஓட்டங்கள், அதாவது தனித்தனிப் பதிவுகள், உண்டு. முதலாவதில் சுமார் ஒரு நிமிடம் கண் திறந்திருக்கும், இரண்டாவதில் ஒரு நிமிடம் மூடியிருக்கும். எங்களுக்கு வேண்டியது அந்த இரண்டும்தான். ஒரு கோப்பு 1.3 மெகாபைற்றுக்குள் அடங்கும். 109 பேரின் 218 கோப்புகளும் சேர்ந்து 300 மெகாபைற்றைத் தாண்டா. அதுவும் அதே பென்ட்ரைவில் போய்விடும்.

செய்முறை சுருக்கமானது. கோப்பைத் திற, 1 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, பதிவை 4 செக்கன் துண்டுகளாக்கு, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று ஃபூரியர் உருமாற்றத்தால் கணி, எல்லாத் துண்டுகளையும் சராசரியாக்கு. 4 செக்கன் ஏன் என்றால், துண்டின் நீளத்தின் தலைகீழ்தான் அதிர்வெண்ணின் நுணுக்கம். 4 செக்கனுக்கு 0.25 ஹேர்ட்ஸ் கிடைக்கும். ஒரு செக்கன் துண்டு எடுத்தால் 1 ஹேர்ட்ஸ் படிகள்தான், ஒருவரின் உச்சி 9.5இலா 10.5இலா என்று சொல்ல முடியாது. கடைசியில் பிடரி மின்வாய்களான ஓ1, ஓ2 இரண்டிலும் மூடிய கண்ணின் அல்பா வலுவைத் திறந்த கண்ணின் வலுவால் வகுத்தால், ஆளுக்கொரு எண். பெரும்பாலானோருக்கு அது 1ஐத் தாண்ட வேண்டும். சிலருக்கு அல்பா மிகக் குறைவாகவே இருக்கும், அது நோயில்லை.

ஐந்து வரியில் சொன்ன இந்த வேலை ஒன்றரை நாள் எடுக்கும். எங்கே சிக்கும் என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் ருசி.

முதலாவது மின்வாய்ப் பெயர். இந்தத் தொகுப்பில் ஓ1 என்ற பெயரின் பின்னால் இரண்டு முற்றுப்புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நிரலில் வெறும் ஓ1 என்று கேட்டால் அப்படி ஒரு தடம் இல்லை என்று வந்துவிடும். பெயர்களைச் சீராக்கும் செயற்கூறு எம்என்இயிலேயே உண்டு. பலர் அதைத் தெரியாமல் கையால் மாற்றப் போய் இடத்தை மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது அலகு. எம்என்இ எல்லாவற்றையும் வோல்ற்றில் வைத்திருக்கும். கண் இமைத்தால் நெற்றி மின்வாய்களில் 100 மைக்ரோவோல்ற்றைத் தாண்டும் மேடு எழும், அப்படியான துண்டுகளைக் கழிக்க வேண்டும். எல்லை 100 என்று எழுதினால் நிரல் அதை நூறு வோல்ற் என்று எடுத்துக்கொண்டு ஒன்றையும் கழிக்காது. பிழைச் செய்தியும் வராது. எத்தனை துண்டு கழிந்தது என்று ஆளுக்காள் எண்ணி அச்சிடுவது ஒரு வரி வேலை. பூச்சியம் என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

வெட்டிவிட்டு வடிகட்டுவது மூன்றாவது. 1 ஹேர்ட்ஸ் எல்லைக்கு எம்என்இ இயல்பாக எடுக்கும் வடிகட்டியின் நீளம் 3.3 செக்கன். இரண்டு செக்கன் துண்டில் அதை ஓட்டினால் வடிகட்டி சைகையைவிட நீளமாகிவிடும், துண்டின் இரு முனையும் கோணிப்போகும். சிவப்பில் ஒரு எச்சரிக்கை வரும், எல்லோரும் அதைத் தாண்டிப் போவார்கள். முழுப் பதிவையும் முதலில் வடிகட்டி, பிறகு வெட்டுவதுதான் ஒழுங்கு.

இன்னொன்று மின்சார இரைச்சல். இலங்கையில் மின்னோட்டம் 50 ஹேர்ட்ஸ், அதனால் இங்குள்ளவர்கள் கை தானாக 50இல் வெட்டும். இந்தத் தரவு அமெரிக்காவில் பதிந்தது, இரைச்சல் 60இல் நிற்கும். அல்பாவுக்கு இது பொருட்டில்லை. அல்பாவைவிட மிக வேகமான காமா அலை தேடும் குழுவுக்குத் தலைவலி. வலு வரைபைப் பார்க்காமல் வடிகட்டி போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அமையாது.

ஐந்தாவது சத்தமில்லாதது. 88, 92, 100 இலக்க ஆட்களின் பதிவு 160க்குப் பதில் 128 மாதிரி வேகத்தில் இருக்கிறது. எல்லாக் கோப்பிலும் 160 என்று நிரலில் எழுதி வைத்தவருக்கு இந்த மூவரின் 10 ஹேர்ட்ஸ் அலை 12.5 ஹேர்ட்ஸாகத் தெரியும், அல்பா எல்லைக்கு வெளியே போய்விடும். வேகத்தைக் கோப்பின் தலைப்பிலிருந்தே படிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் பின்னேரம் யாராவது இயந்திரக் கற்றல் என்று தொடங்குவார்கள். கண் திறந்ததா மூடியதா என்று துண்டைப் பார்த்து நிரல் சொல்லட்டும் என்பார்கள். எல்லாத் துண்டையும் குலுக்கி எண்பதுக்கு இருபது என்று பிரித்தால் துல்லியம் வானத்துக்குப் போகும். காரணம் எளிது: ஒரே ஆளின் துண்டுகள் பயிற்சியிலும் பரீட்சையிலும் இருக்கின்றன, நிரல் ஆளையும் சேர்த்துப் பாடமாக்கிவிட்டது. கடந்தகால வினாத்தாளையே மறுபடி பரீட்சைக்குக் கொடுத்த மாதிரி. ஆள்வாரியாகப் பிரிக்கும் வழி சைக்கிட்-லேர்ன் நூலகத்தில் உண்டு. அப்படிப் பிரித்த பின்னும் ஒரு ஓட்டை மிஞ்சும். இந்தத் தொகுப்பில் எல்லோருக்கும் முதல் ஓட்டம் திறந்த கண், இரண்டாவது மூடிய கண். நிரல் கண்ணைப் பிடித்ததா, பதிவு தொடங்கி நேரம் போனதைப் பிடித்ததா என்று துல்லிய எண் சொல்லாது. பிடரி மின்வாய்களை நீக்கிவிட்டு, 8 முதல் 12 வரையான அலைகளையும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். துல்லியம் அசையவில்லை என்றால் அது வேறு எதையோ படிக்கிறது.

மூன்று குழுக்களிடம் ஒரே கேள்வியைக் கொடுத்து, ஒருவர் மற்றவரிடம் கேட்காமல் செய்யச் சொல்வதும் நல்ல ஏற்பாடு. 2020இல் வெளியான ஆய்வொன்றில் 70 குழுக்களுக்கு ஒரே எஃப்எம்ஆர்ஐ (மூளையின் இரத்தவோட்ட மாற்றத்தைப் படமாக்கும் ஸ்கான்) தரவையும் ஒரே ஒன்பது கருதுகோள்களையும் கொடுத்தார்கள். எந்த இரு குழுவும் ஒரே வழியில் போகவில்லை, சில கருதுகோள்களில் முடிவே பிரிந்தது. அல்பாவின் திசை மாறாது. ஆனால் எல்லா மின்வாய்களின் சராசரியை ஒப்பீட்டுப் புள்ளியாக எடுத்த குழுவுக்கும் காதருகே ஒரு மின்வாயை எடுத்த குழுவுக்கும் விகிதம் வேறாக வரும். அந்த வித்தியாசத்தை ஒரே தாளில் பக்கம் பக்கமாக ஒட்டினால், அதுவே நாள் முழுவதுக்கும் பேச்சு.

வந்தவர்களின் தலையிலேயே நேரடிப் பதிவு கேட்காத ஹாக்கத்தான் இல்லை. ஒரு மேசையில் செய்துகாட்டலாக வையுங்கள், ஆய்வுத் தரவாகச் சேர்க்க வேண்டுமானால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முன்னரே வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நினைவில் இருக்கட்டும். மூளை அலைப் பதிவைச் சேமிக்கும் ஈடிஎஃப் கோப்பின் தலைப்பில் ஆளின் அடையாளத்துக்கென்றே 80 எழுத்து இடம் இருக்கிறது, சில கருவிகள் பெயரை நேரே அதற்குள் எழுதிவிடும். மின்னலையைப் பெரிதாக்கும் பெருக்கி பற்றரியில் ஓடவேண்டும், லப்டொப்பின் சார்ஜரைச் செருகியிலிருந்து கழற்ற வேண்டும். ஆளின் தலையில் ஒட்டிய கம்பி 230 வோல்ற்றோடு எந்த வழியிலும் தொடுப்பில் இருக்கக்கூடாது. சார்ஜரைக் கழற்றினால் இரைச்சலும் குறையும்.

எங்கள் ஊர்த் தலைகளில் இன்னும் சில தடைகள். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பூசிய தலையில் மின்வாயின் தடை 5 கிலோஓமுக்குக் கீழே இறங்க மறுக்கும். முதல் நாள் இரவு ஷாம்பூ போட்டு முழுகி, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். நெற்றியில் காய்ந்த திருநீறு மின்வாய்க்கும் தோலுக்கும் இடையில் நிற்கும், ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும், பிறகு பூசிக்கொள்ளலாம். பின்னலும் கொண்டையும் சரியாகப் பிடரி மின்வாயின் மேல் விழும். வியர்வை, கோட்டை மெதுவாக மேலும் கீழும் இழுக்கும், 1 ஹேர்ட்ஸ் வெட்டில் அதில் பெரும்பகுதி போய்விடும். தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி கம்பிகளை ஆட்டுவது அப்படிப் போகாது. கம்பிகளைச் சேர்த்துக் கட்டி, விசிறியை நிறுத்தி, பதிவை மூன்று நிமிடத்துக்குள் முடியுங்கள். அதற்கு மேல் யாரும் அசையாமல் இருக்கமாட்டார்கள்.

நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வேலையைச் சேர்க்கும்போது தரவைச் சேர்க்காதீர்கள், 100 மெகாபைற்றுக்கு மேற்பட்ட கோப்பை அது ஏற்காது. நிரலும் அதன் படமும் ஒன்றாக இருக்கும் ஜூபிற்றர் குறிப்பேட்டை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் உள்ளே கோப்பு சிதறும், பொதுச் செயற்கூறுகளைச் சாதாரண பைதன் கோப்பில் எழுதினால் தப்பலாம்.

மூன்றாம் நாள் காட்சிக்கு முன் ஒரு பரிசோதனை: ஒரு குழுவின் வேலையை, அதில் இல்லாத ஒருவர், வேறொரு லப்டொப்பில், வாயால் எதுவும் கேட்காமல், நிரலோடு வைத்த விளக்கக் குறிப்பை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். முதல் தடவை அநேகமாக ஓடாது. நிரலில் யாரோ ஒருவரின் டெஸ்க்டொப் பாதை இருக்கும், அல்லது நூலகத்தின் பதிப்பு எண் எழுதப்பட்டிருக்காது. திருத்த ஒரு மணி நேரம் வேண்டும். கிளிநொச்சிப் பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும், ஆகவே இதைச் சாப்பாட்டுக்கு முன்னரே தொடங்குங்கள்.