ஸ்லாட் கிடைத்துவிட்டது, வண்டிதான் ஓட்ட வரவில்லை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓர் அப்பா போன் செய்தார். "சார், பொண்ணுக்கு வர்ற புதன்கிழமை டெஸ்ட். ஸ்லாட் கிடைச்சிருச்சு. நடுவுல நாலு நாள் இருக்கு, நாலு கிளாஸ் போட்டு ரெடி பண்ணி விட்ருங்க." பொண்ணு இதுவரை ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறாளா என்றேன். "கோயமுத்தூர்ல அவ சித்தப்பா கூட கிரவுண்டுல ரெண்டு ரவுண்டு அடிச்சிருக்கா சார்."

இந்த மாதத்தில் மட்டும் இது ஐந்தாவது போன். குன்னூர்ப் பக்கம் 16 வருடமாகக் கார் கற்றுத் தருகிறேன். முன்பெல்லாம் ஓட்டக் கற்றுக்கொண்டு டெஸ்டுக்குத் தேதி கேட்பார்கள். இப்போது தேதியை வாங்கிக்கொண்டு ஓட்டக் கற்க வருகிறார்கள். உலை கொதிக்கும் முன்னே பந்திக்கு இலை போட்ட கதை.

எல்லாக் குழப்பமும் அந்த 30 நாளில்தான் ஆரம்பிக்கிறது. எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், கைக்கு வந்து 30 நாள் ஆகாமல் டெஸ்டுக்குப் போக முடியாது என்பது விதி. நம் ஆட்கள் இதை '30 நாள் ஆனதும் போய்விட வேண்டும்' என்று புரிந்துகொள்கிறார்கள். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். 31-வது நாள் போனவருக்குத் தனி லைசென்ஸ் எதுவும் கொடுப்பதில்லை. இன்னொரு கூட்டம், 30 நாள் கழிந்தாலே பாதி கற்றுக்கொண்ட மாதிரி நினைக்கிறது. பீரோவில் வைத்தால் தானாகப் பழுக்க எல்எல்ஆர் என்ன வாழைத்தாரா? நாளை எண்ணாதீர்கள். ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்த மணிகளை எண்ணுங்கள்.

அந்தக் கணக்கையும் விதியே சொல்கிறது. டிரைவிங் ஸ்கூலில் கார் கற்க 21 நாளுக்குக் குறையக் கூடாது. நேரடியாக ஓட்டும் நேரம் மட்டும் 10 மணிக்குக் குறையக் கூடாது. அதாவது தினமும் ஏறக்குறைய அரை மணி. நடப்பதோ வேறு. ஒரே வண்டியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினால் ஆளுக்கு 20 நிமிடம்தான் வரும். மீதி 40 நிமிடம் பின்சீட்டில் உட்கார்ந்து வருவது வகுப்பில் சேராது, அது சவாரி. நீங்கள் எத்தனை மணி ஓட்டினீர்கள் என்பதற்குப் படிவம் 15 என்று ஒரு பதிவேடு உண்டு. கேட்டுப் பாருங்கள். இதை எழுதியதற்கு எங்கள் தொழில்காரர்களே என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

சமவெளியில் இந்த 10 மணி போதலாம். இங்கே போதாது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுத்துக் காட்ட வேண்டும் என்று டெஸ்ட் விதியிலேயே இருக்கிறது. கிரவுண்டில் சித்தப்பாவோடு ரவுண்டு அடித்தால் இது வராது. கிளட்சைப் பாதி விட்டுப் பிடிக்கும் ஹாஃப் கிளட்சில் எஞ்சின் சத்தம் மாறுகிற இடத்தைக் காது பழகிக்கொள்ளவே எனக்குத் தெரிந்து ஐந்தாறு வகுப்பு ஆகிறது. மேட்டில் வண்டி உருளாமல் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்ட் வீட்டுக் காரில் இருந்தால் இன்னும் மோசம்; அது இல்லாத வண்டியில் ஏறியதும் கால் திகைத்து நிற்கும்.

போன வருடம் ஒரு தம்பி. ஜனவரித் தொடக்கத்தில் எல்எல்ஆர். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு ஏப்ரல் நடுவில் டெஸ்ட். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னதும் வண்டி பின்னால் போக, பிரேக் இன்ஸ்பெக்டர் ஓரமாகத் துள்ளினார். பெயிலானால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். போனான், நடுவில் ஒரு வகுப்புகூட வராமல். மே நடுவில் மூன்றாவது முறையும் போச்சு. மூன்று முறை தவறினால் கடைசி டெஸ்டிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும், டிரைவிங் ஸ்கூலில் மறுபயிற்சியும் முடிக்க வேண்டும். 60 நாள் முடிய ஜூலை நடுப்பகுதி. எல்எல்ஆர் ஜூலைத் தொடக்கத்திலேயே காலாவதி. முதலிலிருந்து ஆரம்பித்தான்.

மாதம் பார்த்துத் தொடங்குங்கள். காலேஜ் லீவு என்று ஏப்ரல், மே மாதத்தில் வருகிறீர்கள், அது சீசன். ஊட்டி சேரிங் கிராஸ் நெரிசலில் அரை மணி நிற்பதற்கா பணம் கட்டுகிறீர்கள்? எல்எல்ஆரை டிசம்பரில் போட்டு, ஜனவரி, பிப்ரவரியில் ஓட்டிப் பழகி, மார்ச்சுக்குள் டெஸ்ட் முடித்துவிடுங்கள். மழையும் மூடுபனியும் உள்ள நாளில் வகுப்பை ரத்து செய்யச் சொல்லாதீர்கள். அந்த வகுப்புதான் வகுப்பு.

வீட்டு வண்டியில் பழகினால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் கை ஹேண்ட் பிரேக்குக்கு எட்ட வேண்டும், முன்னும் பின்னும் எல் போர்டு வேண்டும். குறுகலான இடத்தில் மேலே ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் ஓரம் கட்டுங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, பர்லியார் இறக்கத்தில் பிரேக் கருகும் வாடை அவன் மூக்கில் ஏறியதில்லை போலிருக்கிறது.

பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள் அம்மா, அப்பா. தேதியைத் தள்ளிப் போடுவதில் மானக்கேடு ஒன்றும் இல்லை.

அந்த அப்பா சனிக்கிழமை காலை மகளைக் கொண்டுவந்து விட்டார். கேத்தி போகும் வழியில் ஒரு சின்ன மேட்டில் நிறுத்தி, "எடு கண்ணு" என்றேன். நாலு முறை வண்டி அணைந்தது. ஐந்தாவது முறை இரண்டடி பின்னால் போக, என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: "புதன்கிழமை வேண்டாம் சார். அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க." சொல்லிவிட்டேன். அவர் இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார்.