ஐம்பத்தேழில் ஏழு போக: பந்தயத்தை மாற்றும் டயர், எஞ்சின் விதிகள்

2025 நவம்பர் 30, கத்தாரின் லுசைல் தடம். ஃபார்முலா 1 பந்தயத்தின் ஏழாவது சுற்றில் இரண்டு கார்கள் மோதிக்கொள்ள, எல்லோரையும் மெதுவாக அழைத்துச் செல்லும் சேஃப்டி கார் தடத்துக்குள் வந்தது. முன்னிலையில் மெக்லாரன் அணியின் ஆஸ்கர் பியாஸ்ட்ரி. மெக்லாரன் தன் இரு கார்களையும் நிறுத்தாமல் ஓடவிட்டது. மற்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் டயர் மாற்ற, தடத்தின் ஓரத்தில் அணிகள் காரைக் கவனிக்கும் இடமான பிட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவரான மேக்ஸ் வெர்ஸ்டாப்பன்தான் வென்றார்.

காரணம் வெறும் கழித்தல் கணக்கு. அந்தப் பந்தயத்துக்கு மட்டும், ஒரு செட் டயரை 25 சுற்றுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று விதித்திருந்தார்கள். மொத்தம் 57 சுற்று. இரண்டு செட்டில் 50தான் போகும், ஆகவே இரண்டு முறை நின்றே ஆக வேண்டும். ஏழாவது சுற்றில் நின்றவருக்கு மீதி சரியாக 50. 32ஆம் சுற்றில் மறுபடி நின்றால் முடிந்தது. ஆறாவது சுற்றிலேயே நின்றிருந்தால், கடைசி ஒரே ஒரு சுற்றுக்காக மூன்றாவது முறை நிற்க நேர்ந்திருக்கும். சேஃப்டி காரின் பின்னால் எல்லோரும் மெதுவாகப் போகையில் பிட்டில் இழக்கும் நேரம் குறைவு. அந்தச் சலுகை மெக்லாரனுக்குக் கிடைக்கவில்லை. இரண்டு நிறுத்தத்தையும் முழு வேகப் பந்தயத்தின் நடுவில் செய்ய வேண்டியதாயிற்று.

லுசைலில் வேகமான வலது வளைவுகள் அதிகம். பாரம் முழுவதும் முன் இடது டயரில் இறங்கும். 2024 பந்தயத்தில் அந்த டயர்களில் சில, தேய்மானத்தின் எல்லையையே தொட்டுவிட்டன. மேல் ரப்பர் தீர்ந்தால் உள்ளிருக்கும் நார் அடுக்கு தரையில் உரசும், பிறகு வெடிப்புதான். அதனால் வந்த வரம்பு அது.

இதற்கு நேர்மாறான விதி 2005இல் இருந்தது. தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் சேர்த்து ஒரே செட் டயர். நடுவில் மாற்றக் கூடாது. அப்போது மிஷெலின், பிரிட்ஜ்ஸ்டோன் என இரண்டு நிறுவனங்கள் டயர் கொடுத்தன. 2004இல் 18 பந்தயங்களில் 15 வென்ற ஃபெராரி, பிரிட்ஜ்ஸ்டோன் டயர் நெடுந்தூரம் தாங்காமல் 2005இல் ஒன்றே ஒன்றுதான் வென்றது. அந்த ஒன்றும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில். சாய்வாகக் கட்டிய அந்தத் தடத்தின் 13ஆவது வளைவில் மிஷெலினின் பின் இடது டயர்ப் பக்கச்சுவர் தாங்கவில்லை. பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் சுவரில் மோதியது. பந்தய நாளில் மிஷெலின் பூட்டிய 14 கார்களும் ஆயத்தச் சுற்றோடு பிட்டுக்குத் திரும்பிவிட, ஓடியவை ஆறே கார்கள். பணம் கொடுத்து வந்திருந்த ரசிகர்களுக்கு அது பெரிய அநியாயம்.

2007 முதல் டயர் ஒரே நிறுவனத்திடமிருந்துதான். 2011 முதல் அது பிரெல்லி. வழக்கமான வார இறுதியில் ஓர் ஓட்டுநருக்கு உலர்தள டயர் 13 செட்: ஹார்ட் (கடினமான ரப்பர்) 2, மீடியம் (நடுத்தரம்) 3, சாஃப்ட் (மென்மையானது) 8. மழையில்லாத பந்தயத்தில் இரண்டு வகையாவது போட வேண்டும். எல்லோருக்கும் ஒரே ரப்பர் என்றானபின், அதை யார் அளவுக்கு மீறிச் சூடேறாமல் காப்பாற்றுகிறார்கள் என்பதில்தான் போட்டி. காற்றழுத்தத்தைக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு கூடி பிடிப்பு கூடும். ஆனால் பக்கச்சுவர் அதிகம் வளைந்து நார் அறுபடும். அதனால் குறைந்தபட்ச அழுத்தத்தை பிரெல்லியே நிர்ணயிக்கிறது.

எஞ்சினிலும் எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. 2025இல் 24 பந்தயத்துக்கு ஓர் ஓட்டுநருக்கு நான்கு எஞ்சின். ஐந்தாவதைப் போட்டால் தொடக்க வரிசையில் 10 இடம் பின்னே. டர்போ போன்ற பாகங்களுக்கும் தனித்தனி வரம்பு. தண்டனை 15 இடத்தைத் தாண்டினால் நேரே வரிசையின் கடைசிதான். ஆகவே அணிகள் எல்லாப் பாகங்களையும் ஒரே நாளில் புதிதாகப் போடும், அதுவும் முந்துவதற்கு எளிதான, பெல்ஜியத்தின் ஸ்பா போன்ற தடத்தில். 2022இல் வெர்ஸ்டாப்பன் அங்கே அப்படிச் செய்தார். தகுதிச்சுற்றில் அவர்தான் முதல். வேறு சிலரும் தண்டனை பெற்றிருந்ததால் 14ஆம் இடத்திலிருந்து கிளம்பி, வென்றே விட்டார்.

எஞ்சினை விலைக்கு வாங்கும் அணிகளுக்கு முன்பு ஒரு குறை இருந்தது: பாகம் ஒன்றாக இருந்தாலும் மென்பொருள் வேறு, கூடுதல் திறன் தரும் அமைப்பு தயாரிப்பாளரின் சொந்த அணிக்கே. 2018இல் மென்பொருளும் இயக்கும் முறையும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பந்தய விதிகளை வகுக்கும் சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு (FIA) உத்தரவிட்டது. 2024இல் மெக்லாரன் வாங்கிய மெர்சிடிஸ் எஞ்சினோடு அணிகளுக்கான பட்டத்தை வென்றது; மெர்சிடிஸின் சொந்த அணிக்கு நான்காம் இடம்.