கிளைமேட் – காலநிலை

மே மாதத்துச் சென்னையில் வானம் கொஞ்சம் மூடி நாலு துளி விழுந்தால் போதும், "செம கிளைமேட்ல?" என்பார்கள். பேச்சில் தப்பில்லை. ஆனால் அது வானிலை. ஓர் ஊரின் வானிலையை, வழக்கமாக 30 ஆண்டுகளுக்கு, சேர்த்துப் பார்த்தால் தெரியும் போக்குதான் கிளைமேட்.

மூலச்சொல் கிரேக்கம். அங்கே 'கிளிமா' என்றால் சாய்வு. (சாய்ந்து படுப்பதைச் சொல்லும் அதே வேரிலிருந்துதான் 'கிளினிக்'கும் வந்தது.) நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை பூமி எப்படிச் சாய்கிறதோ அப்படி வெயில் மாறும் என்று கிரேக்கர்கள் கருதினார்கள். ஆண்டின் மிக நீண்ட பகலை அளவாக வைத்து உலகைப் பட்டைகளாகப் பிரித்தார்கள். ஆக, சொல் பிறந்தபோது அதன் பொருள் ஏறக்குறைய அட்சரேகை, அவ்வளவுதான்.

அது மட்டும் போதுமா? சென்னை, பெங்களூரு, மங்களூரு மூன்றுமே ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருக்கின்றன. கிரேக்கக் கணக்கில் மூன்றுக்கும் ஒரே கிளிமா. பெங்களூரோ கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் குளுகுளுவென்று இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலேறுவதால் மங்களூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மலைக்கு இந்தப் பக்கம் சென்னைக்கு மிஞ்சுவது ஈரம் வற்றிய மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. நமக்குக் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. "ஐப்பசி அடைமழை" என்றது சும்மாவா!

இங்கே வெயிலை முடிவு செய்வது பெரும்பாலும் கடல். ஏப்ரல் 24 வாக்கிலேயே சூரியன் சென்னையின் உச்சிக்கு வந்துவிடுகிறது. ஆனால் 45 டிகிரி அடித்தது 2003 மே 31 அன்று. நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகி, மேலெழும் காற்றின் இடத்துக்குக் கடற்காற்று பகலில் உள்ளே வரும். மேல்காற்று பலமாக இருந்தால் அது தாமதிக்கும். அன்றைக்கு வெயில் கொளுத்திவிடும். கரையை ஒட்டிய நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கத்துக்குக் கடற்காற்று பிந்தியே போகும் என்பதால், அங்கே வெப்பமும் பெரும்பாலும் கூடுதல். இந்த மேல்காற்றுக்குப் பழந்தமிழில் 'கோடை' என்றே பெயர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பழைய நூல்களில் 'சீதோஷ்ணம்': சீதமும் உஷ்ணமும். அதை அப்படியே தமிழாக்கியது 'தட்பவெப்பம்'. தட்பத்தில் இருப்பது தண்ணீரில் உள்ள அதே 'தண்'. அழகான சொல்தான், ஆனால் குளிரும் சூடும் மட்டுமே அதில் அடங்கும். சென்னையின் புழுக்கத்துக்கும் ஐப்பசி மழைக்கும் அதில் இடமில்லை. மழை, காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் தாங்கும் 'காலநிலை'யே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அரசு வழக்கிலும் இன்று அதுதான்.

ஒரு குறை உண்டு. பாடங்களில் 'காலநிலையைப் பாதிக்கும் காரணிகள்' என்று எழுதுகிறார்கள். தமிழில் பாதிப்பு என்றால் கெடுதல். கடலும் மலையும் காலநிலையைக் கெடுக்கவில்லை. 'தீர்மானிக்கும் காரணிகள்' என்று எழுதலாம்.