தென்னாப்பிரிக்காவில் தண்ணீர் உரிமை: ஆற்றுக்கு ஒரு சட்டம், குழாய்க்கு ஒரு சட்டம்

தென்னாப்பிரிக்காவில் தண்ணீரைப் பற்றிய உரிமை இரண்டு சட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. வீட்டுக் குழாயில் வரும் நீரைப் பற்றிப் பேசுவது 1997ஆம் ஆண்டின் நீர்ச் சேவைகள் சட்டம். அதன்படி பொறுப்பேற்க வேண்டியது உள்ளாட்சி. ஆறு, ஓடை, ஊற்று, அணை, நிலத்தடி நீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம். அதை நடைமுறைப்படுத்துவது மத்திய அரசின் நீர் மற்றும் துப்புரவுத் துறை. எந்தச் சிக்கலுக்கு எந்த வாசலைத் தட்டுவது என்பது தெரியாததால் மாதக்கணக்கில் அலைகிறவர்கள் இந்திய வம்சாவளியினரான நம்மவர்களில் நிறையப் பேர் இருப்பதால், இந்தப் பிரிவினையை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

இரண்டு சட்டங்களுக்கும் அடித்தளம் 1996ஆம் ஆண்டின் அரசியல் சாசனம். போதுமான உணவும் நீரும் பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அதன் 27ஆவது பிரிவு சொல்கிறது. கையிலிருக்கும் வளத்துக்கு உட்பட்டு அந்த உரிமையைப் படிப்படியாக நிறைவேற்றுவது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த உறுதிமொழியைச் சட்டமாக்கியபோது நீர்வளத் துறை அமைச்சராக இருந்தவர், நேட்டால் வடகரையிலுள்ள ஸ்டேங்கர் ஊரில் பிறந்த காதர் அஸ்மல்.

பழைய சட்டம் என்ன செய்தது என்று தெரிந்தால்தான் புதிய சட்டத்தின் கனம் விளங்கும். 1956ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின்படி, ஆற்றங்கரை நிலத்தின் உரிமையாளருக்கு ஆற்றுநீரில் பங்கு இருந்தது. அவருடைய நிலத்தில் சுரக்கும் ஊற்றும் நிலத்தடி நீரும் அவருடைய தனிநீராகவே கருதப்பட்டன. நிலம் உள்ளவனுக்கே நீர் என்றால், நிலம் வாங்கவே தடைசெய்யப்பட்டவர்களுக்கு நீர் எங்கிருந்து வரும்? 1913ஆம் ஆண்டின் நிலச்சட்டம் கறுப்பின மக்களை நாட்டின் மிகச் சிறிய பகுதிக்குள் ஒதுக்கியது. 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள், ஒப்பந்தம் முடிந்தபின் குத்தகைக்கும் விலைக்கும் எடுத்துக் காய்கறியும் கரும்பும் பயிரிட்ட நிலங்களை, 1946ஆம் ஆண்டின் ஆசியர் நில உடைமைச் சட்டமும் குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டமும் நெருக்கின. அப்படி நிலத்தை இழந்தவர்கள் அதனுடன் நீரையும் இழந்தார்கள்; இந்த இரண்டாவது இழப்பைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

நிலத்துக்கும் நீருக்கும் இருந்த இந்தப் பிணைப்பை 1998ஆம் ஆண்டின் சட்டம் அறுத்தது. நாட்டின் நீர் முழுவதற்கும், நிலத்தடி நீர் உட்பட, மக்களின் சார்பில் அரசே பொறுப்பாளர். நிலப் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும் அதற்கு அடியில் ஓடும் நீர் உங்கள் சொத்து ஆகாது. அதைப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும். அனுமதி வழங்கும் முன் அரசு முதலில் ஒதுக்கிவைக்க வேண்டிய பங்கு ஒன்று உண்டு. மக்களின் அடிப்படைத் தேவைக்கும், ஆறும் அதைச் சார்ந்த உயிர்களும் அழியாமல் இருப்பதற்கும் வேண்டிய நீர் அது. அந்த ஒதுக்கீட்டுக்குப் பிறகு மிஞ்சுவதுதான் ஆலைக்கும் பாசனத்துக்கும் பங்கிடப்படும்.

நீரைச் சட்டப்படி எடுக்க நான்கு வழிகள் உள்ளன. முதல் வழிக்கு விண்ணப்பமோ கட்டணமோ வேண்டியதில்லை. அது சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. நீங்கள் முறையாகச் சென்றடையக்கூடிய எந்த ஆற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் வீட்டுத் தேவைக்கு நியாயமான அளவு நீர் எடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் நிலத்தில், அது வாடகை நிலமாக இருந்தாலும், விற்பனைக்கு அல்லாத சிறு தோட்டத்துக்குப் பாய்ச்சலாம். அங்கே மேயும் கால்நடைகளுக்குக் காட்டலாம். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைக்கலாம். கொல்லையில் நிற்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் வெண்டைப் பாத்திக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே வெண்டையைக் கூடை கூடையாகச் சந்தைக்கு அனுப்பத் தொடங்கினால் இந்த அட்டவணை பொருந்தாது. நகர எல்லைக்குள் ஆழ்துளைக் கிணறு தோண்டுவோருக்கு மாநகராட்சியின் துணைவிதிகளும் பொருந்தும்.

இரண்டாவது வழி பொது அனுமதி. குறிப்பிட்ட வடிநிலத்தில் குறிப்பிட்ட அளவு வரை தனி உரிமம் இன்றியே நீர் எடுக்க அரசிதழ் அறிவிப்பின் மூலம் இடம் தரப்படுகிறது. 2016இல் வெளியான அறிவிப்பில் அளவு இடத்துக்கு இடம் மாறுபடுகிறது. பக்கத்து ஊர்க்காரருக்கு உள்ள அளவு உங்களுக்கும் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது.

மூன்றாவது வழியைத்தான் குடும்ப நிலம் வைத்திருப்பவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். புதிய சட்டம் வருவதற்கு முன்பே சட்டப்படி நடந்துவந்த நீர்ப் பயன்பாட்டை உரிமம் இல்லாமலே தொடரலாம். ஆனால் அந்தப் பயன்பாடு, 1998 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும். 'தாத்தா காலத்திலிருந்தே இந்த ஓடையில் மோட்டார் வைத்துத்தான் பாய்ச்சுகிறோம்' என்பது மட்டும் போதாது. அந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஹெக்டேருக்கு, என்ன பயிருக்கு, எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும். அக்காலத்து மின்கட்டண ரசீது, ஆலைக்குக் கரும்பு ஏற்றிய சீட்டு, மோட்டார் வாங்கிய பில், வான்வழிப் படம் போன்றவை இங்கே உதவும். அலமாரி அடியில் கிடக்கும் பழைய தாள்களை வீணென்று எரித்துவிடாதீர்கள்.

நீர்ப் பயன்பாட்டைத் துறையிடம் பதிவு செய்ததற்கான சான்றிதழ் ஒன்றைப் பலர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பதிவு வேறு, உரிமை வேறு. நீங்கள் இவ்வளவு நீர் எடுப்பதாகச் சொன்னீர்கள் என்பதற்கு மட்டுமே அந்தச் சான்றிதழ் சாட்சி. அது சட்டப்படியானது என்று துறை ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சி அல்ல. அதை முடிவு செய்யவே 35ஆவது பிரிவின்கீழ் சரிபார்ப்புக் கடிதம் அனுப்பப்படுகிறது. அக்கடிதத்தில் குறித்துள்ள கெடுவுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் பழைய உரிமையே காலாவதியாகலாம். நிலம் காலமான தந்தையின் பெயரிலும், பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்க்கிலும் வெளிநாட்டிலும் இருக்கும் குடும்பங்களில் அந்தக் கடிதம் பிரிக்கப்படாமலே கிடக்கக்கூடும். நிலத்தின் முகவரிக்கு வரும் தபாலைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.

இவை மூன்றிலும் அடங்காத பயன்பாடுகளுக்கு உரிமம் வேண்டும். உரிமத்தின் காலம் அதிகபட்சம் 40 ஆண்டுகள். அதன் நிபந்தனைகள் ஐந்து ஆண்டுகளுக்கு மிகாத இடைவெளிகளில் மறுஆய்வு செய்யப்படும். உரிமம் வழங்கும்போது துறை எடைபோட வேண்டிய காரணிகளில், கடந்தகால இன, பாலினப் பாகுபாட்டின் விளைவுகளைச் சரிசெய்யும் தேவையும் தேசிய நீர்ச் சட்டத்தின் 27ஆவது பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளது. இந்திய வம்சாவளியினரும் அந்தப் பாகுபாட்டுக்கு ஆளானவர்களே என்பதால் விண்ணப்பத்தில் இதை எழுத்தில் எடுத்துச் சொல்லலாம். அது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடாது. எல்லாக் காரணிகளையும் சேர்த்தே சீர்தூக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருக்கிறது. அனுமதியின்றி நீர் எடுப்பது குற்றம். முதல் முறை தண்டிக்கப்படுபவருக்கே அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

குழாய்நீருக்கு வருவோம். அடிப்படை அளவு எவ்வளவு என்பதை 2001ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன: ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர், அல்லது வீடொன்றுக்கு மாதம் 6,000 லிட்டர், வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள், நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாத வேகத்தில். இந்த எண்ணுக்கும் டர்பனுக்கும் தொடர்பு உண்டு. வீட்டு முற்றத்தில் தொட்டி வைத்து நாளுக்கு 200 லிட்டரை இலவசமாகத் தரும் முறையை 1990களின் இறுதியில் டர்பன் தொடங்கியது. மாதத்துக்கு அது 6,000 லிட்டர் ஆகிறது. விதிகள் வெளியாவதற்குச் சற்று முன்பு, இணைப்புத் துண்டிக்கப்பட்ட ஒரு பெண் டர்பன் மாநகராட்சிக்கு எதிராகத் தொடுத்த வழக்கு தோற்றது. அடிப்படை நீர் என்றால் எவ்வளவு என்று எந்த விதியும் அப்போது சொல்லவில்லை என்பதே முக்கியக் காரணம்.

6,000 லிட்டர் என்பது எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 25 லிட்டர் என்ற கணக்கு. இந்தியர் மிகுந்து வாழும் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் ஒரே மீட்டரில் முன்வீட்டில் பெற்றோரும் பின்கட்டில் மகன் குடும்பமும் வாடகைக்காரரும் இருப்பது வழக்கம். பன்னிரண்டு பேர் இருந்தால் ஆளுக்குக் கிடைப்பது நாளுக்கு 17 லிட்டருக்கும் குறைவு. ஜோகன்னஸ்பர்க் நகரின் சொவெட்டோவிலுள்ள ஃபிரி பகுதி மக்கள் இந்த அளவு போதாது என்று வழக்காடியபோது உயர் நீதிமன்றம் 50 லிட்டரும், மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 42 லிட்டரும் தேவை என்றன. 2009இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவற்றை ஒதுக்கிவிட்டு, அளவை நிர்ணயிப்பது முதன்மையாக அரசின் வேலை என்றும், நகரத்தின் கொள்கை நியாயமானதே என்றும் முடிவு செய்தது. இந்தத் தீர்ப்பு ஏழைகளுக்கு ஏமாற்றமே. ஆயினும் கூட்டுக் குடும்பங்கள் தங்கள் வீட்டு ஆள்கணக்கை எழுத்தில் கொடுத்துக் கூடுதல் நீர் கேட்க அது தடையாக இல்லை.

கட்டணம் பாக்கி என்பதற்காகத் திடீரென நீரை நிறுத்திவிட முடியாது. முன்னறிவிப்பு தர வேண்டும். உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். கட்ட இயலாதவர் என்று நிரூபித்தவருக்கு அடிப்படை நீரை மறுக்கக் கூடாது. நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்பதால், ஓய்வூதியமோ உதவித்தொகையோ மட்டும் பெறுபவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திராமல் உள்ளாட்சியின் வறியோர் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும்.

நீர் தடைப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. தடை 24 மணி நேரத்தைத் தாண்டினால், ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 லிட்டர் குடிநீரை மாற்று வழியில் தர வேண்டும். ஆண்டில் ஏழு முழு நாள்களுக்கு மேல் யாரும் நீரின்றி இருக்கக் கூடாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கேயுள்ள டொங்காட் ஊரின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்தபின் அங்குள்ள மக்கள் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்துடன் வரிசையில் நின்றார்கள். அந்த ஆகஸ்டில் மனித உரிமை ஆணையம் குவாசூலு-நேட்டாலின் நீர்ப் பற்றாக்குறை குறித்துப் பொது விசாரணை நடத்தியது. இத்தகைய காலங்களில் லாரி வந்த நாளும் வராத நாளும் தெருவாரியாகக் குறிக்கப்பட்ட ஒரு நோட்டு இருந்தால், வார்டு உறுப்பினரிடமும் ஆணையத்திடமும் விதியைச் சுட்டிக் கேட்க வலுவான ஆதாரமாகும்.

குழாய்நீர்ப் புகாரை முதலில் மாநகராட்சியிடமோ மாவட்ட நகராட்சியிடமோ எழுத்தில் கொடுத்துக் குறிப்பு எண் பெற வேண்டும். டர்பன், டொங்காட், வெருலம் பகுதிகளுக்கு ஈதெக்வினி மாநகராட்சியும் ஸ்டேங்கருக்கு இலெம்பே மாவட்ட நகராட்சியும் பொறுப்பு. ஆற்றுநீர் உரிமம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, 30 நாள்களுக்குள் நீர்த் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.